இருட்டறைக் கேள்வி பதில்: புது ஷீட் பிலிம் வருகிறதாமே?

இரண்டு மாதமாக எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். பெரிய கமராவுக்கான ஷீட் பிலிம், அதாவது றோலாகச் சுற்றாமல் தாள் தாளாக வெட்டிப் பெட்டியில் வரும் பிலிம், புதிதாக வரப்போகிறது என்று ஒரு கதை ஓடுகிறது. எந்தக் கம்பனி, என்ன அளவு, எப்போது என்பதை மட்டும் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். வன்னிக்குள் இத்தனை பேர் இதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நாலுக்கு ஐந்து அங்குலக் கமரா ஒன்றைக் காசு சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். புது ஷீட் பிலிம்கள் வரப்போவதாகச் சொல்கிறார்கள். பொறுத்திருந்து அதை வாங்கட்டுமா, இப்போது கிடைப்பதை வாங்கட்டுமா?
அரச ஊழியர், மாங்குளம்

கிடைப்பதை வாங்குங்கள், இந்த மாதமே வாங்குங்கள். ஷீட் பிலிம் எப்படி உருவாகிறது என்பது விளங்கினால், நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதும் விளங்கும், இந்தக் கதைகளில் எதை நம்பலாம் எதை விடலாம் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு கம்பனி புது பிலிம் செய்தால் அது பெரும்பாலும் முதலில் 35 மி.மீ.இல்தான் வரும், வாங்குகிற சனம் அங்கேதான் இருக்கிறது. அது ஓடினால் 120 என்ற அகலமான றோல். அதுவும் ஓடினால்தான் ஷீட்டைப் பற்றி யோசிப்பார்கள். பிலிமில் பூசும் ஒளி மருந்து ஒன்றுதானே, வெட்டுகிற அளவை மாற்றினால் போதாதா என்று நானும் முந்தி நினைத்திருக்கிறேன். போதாது. இல்போர்ட்டின் எப்.பி.4 பிளஸை எடுத்துப் பாருங்கள்: 35 மி.மீ.இல் அதன் அடித்தாள், அதாவது மருந்தைத் தாங்கும் பிளாஸ்டிக், 0.125 மி.மீ. தடிப்பு, 120இல் 0.110, இரண்டும் அசிற்றேற். ஷீட்டில் அதுவே 0.180 மி.மீ. பொலியெஸ்டர். றோல் சுருண்டு வளைய வேண்டும், ஷீட்டோ ஹோல்டருக்குள் (கமராவின் பின்னால் சொருகும் பிலிம் கூடு) வளையாமல் நெளியாமல் விறைப்பாகப் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் நடுப்பகுதி கூராகவும் ஓரம் மங்கலாகவும் போய்விடும். ஆகவே ஷீட் வேண்டுமென்றால் வேறு அடித்தாளை மெசினில் ஏற்றித் தனியாக மருந்து பூச வேண்டும். அந்த மெசின் ஒருமுறை ஓடினால் ஒரு மீற்றருக்கு மேல் அகலமான நீண்ட றோல் ஒன்று முழுதாக வந்துவிடும், ஐம்பது பெட்டிக்கு மட்டும் பூசித் தா என்று கேட்க முடியாது. பூசியதை விற்று முடிக்க வருடக்கணக்காகும், பிலிமுக்கோ காலாவதித் திகதி இருக்கிறது. உலகம் முழுவதும் சேர்த்தாலும் பெரிய கமராக்காரர் கொஞ்சப் பேர்தான், இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கம்பனிகள் தயங்குகின்றன.

நல்லபடி முடிந்த உதாரணமும் இருக்கிறது. கொடக்கின் எக்ராகுரோம் என்ற கலர் ஸ்லைட் பிலிம் 2012இல் நின்றது. திரும்பச் செய்யப்போகிறோம் என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள், 35 மி.மீ. 2018இல் வந்தது, 120உம் நாலுக்கு ஐந்து ஷீட்டும் 2019 கடைசியில்தான் வந்தன. பழைய பெயர், பெரிய தொழிற்சாலை, அப்படியிருந்தும் அறிவிப்பிலிருந்து ஷீட் கையில் கிடைக்க ஏறக்குறைய மூன்று வருடம். இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. இல்போர்ட்டின் ஓர்த்தோ பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிம் நெடுங்காலம் ஷீட்டில் மட்டும் இருந்து 2019இல்தான் றோலுக்கு வந்தது. ஆனால் அது ஆயிரத்தில் ஒன்று.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். போலரொயிட் 55 என்று ஒன்று இருந்தது, எடுத்த உடனே பிரிண்டும் நெகற்றிவும் சேர்ந்தே கையில் வரும், 2008இல் நிறுத்திவிட்டார்கள். அதைப்போல ஒன்றைச் செய்ய 2014இல் நியூ55 என்ற பெயரில் ஒரு சிறு குழு இறங்கியது, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் காசு போட்டார்கள், பிலிமும் வெளிவந்தது, ஆனால் 2017இன் முடிவில் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அவர்கள் செய்தது பெரிய முயற்சி, எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான். ஆனால் ஒரு கதை கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த பிலிம் ஏற்கெனவே றோலில் ஓடுகிறதா, அதைச் செய்கிறவர்கள் ஏற்கெனவே ஷீட் வெட்டுகிறார்களா. இரண்டுக்கும் ஆம் என்றால் காது கொடுக்கலாம். இரண்டும் இல்லை என்றால் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

வாங்குவதற்கு இன்றைக்கே இருப்பவை: இல்போர்ட் எப்.பி.4, எச்.பி.5, டெல்ரா 100. கொடக்கில் ரி-மக்ஸ் 100, 400, ரை-எக்ஸ் 320 (இது றோலில் வரும் ரை-எக்ஸ் 400 இல்லை, பெயர்தான் ஒன்று, பிலிம் வேறு). செக் நாட்டு போமாபான் 100, இவை எல்லாவற்றிலும் மலிவு அதுதான். இவற்றில் ஒன்றை எடுத்து ஒரு வருடம் அதை மட்டும் எடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது, கொஞ்சம் பொறுத்து வாங்குவோம் என்று இருந்தவர்கள் எல்லோரும் அதே பெட்டிக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் காசு கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன்.

கேள்வி: விடியப்புறம் நந்திக்கடல் பக்கம் படம் எடுப்பேன். நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது, போமாபானில் படம் சரியாக விழுவதே இல்லை. பியூஜி அக்ரோஸ் ஷீட்டில் திரும்ப வருமா?
ஆசிரியை, முள்ளிவாய்க்கால்

ரீச்சர், இந்தக் கேள்விதான் எல்லாக் கேள்விகளிலும் என் மனதுக்கு நெருக்கமானது. பழைய அக்ரோஸ் 100 பிலிமில் இரண்டு நிமிடம் வரை திறந்தாலும் வெளிச்சம் அளக்கும் மீற்றர் சொன்ன நேரமே போதும், ஒரு வினாடியும் கூட்ட வேண்டியதில்லை. மற்ற பிலிம்கள் அப்படி இல்லை, வெளிச்சம் குறைந்து நேரம் நீள நீள அவை களைத்துவிடும். போமாபான் 100 இதில் மிக மோசம், மீற்றர் 10 வினாடி என்றால் 80 வினாடி கொடுக்கச் சொல்லிக் கம்பனித் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். நீங்கள் 10 என்றதற்கு 10 கொடுத்திருப்பீர்கள், நெகற்றிவ் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்திருக்கும். பிழை உங்களில் இல்லை.

சரி, அக்ரோஸ். 2018இல் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள், 2019இல் அக்ரோஸ் II என்று திரும்ப விட்டார்கள், ஆனால் 35 மி.மீ.இலும் 120இலும் மட்டும். அதன் பெட்டியில் பிரித்தானியத் தயாரிப்பு என்று இருப்பதைப் பார்த்த நாளிலிருந்து ஆட்கள் இப்படிக் கதைக்கிறார்கள்: அங்கே இல்போர்ட் பிலிம்களைச் செய்யும் ஹார்மன் தொழிற்சாலை இருக்கிறது, அவர்கள் ஷீட் வெட்டுகிறவர்கள், ஆகவே அக்ரோஸ் ஷீட்டும் அங்கே வெட்டலாம்தானே என்று. நான் மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் இதில் ஆம் என்ற பதில் வருகிறது, ஆகவே எல்லாக் கதையிலும் இதற்குத்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ஆனால் பெயர் பியூஜியுடையது, முடிவும் அவர்களுடையது. இத்தனை வருடம் றோலை விற்றுக்கொண்டே ஷீட்டைப் பற்றி வாய் திறக்காத கம்பனி இனித் திறக்கும் என்று நம்பி நான் இருக்க மாட்டேன்.

அதுவரைக்கும் எப்.பி.4க்கு மாறுங்கள். அதற்கு இல்போர்ட் சொல்லும் கணக்கில் 10 வினாடி ஏறக்குறைய 18 ஆகும், 30 வினாடி ஏறக்குறைய 73 ஆகும். போமாபானோடு பார்க்கும்போது இது பெரிய வித்தியாசம். ஒரு மட்டையில் இந்த எண்களை எழுதிக் கமராப் பையில் கட்டிவிடுங்கள், விடியப்புறம் நாலரை மணிக்குக் கணக்குப் போட மூளை வராது. நந்திக்கடலில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் அந்த இருபது நிமிடத்துக்குள் நிதானமாக நாலு ஷீட்டுக்கு மேல் எடுக்க முடியாது, அந்த நாலும் தவறாமல் விழ வேண்டும்.

கேள்வி: அப்பப்பாவின் ஸ்ரூடியோக் கமரா வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இருந்து தப்பிக் கிடைத்தது. மரக் கமரா, அரைத்தட்டு அளவு (நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலம்), ஹோல்டர் மூன்று இருக்கிறது. இந்த அளவுக்கு யாராவது புதிதாக பிலிம் செய்யப் போகிறார்களா?
வாசகர், ஓமந்தை

தம்பி, முதலில் அந்தக் கமராவைத் திரும்பப் பரணில் போடாமல் காற்றாட வையுங்கள். வன்னியில் எத்தனை ஸ்ரூடியோக்கள் எத்தனை இடப்பெயர்வில் போயின, 2009இல் எத்தனை குடும்பம் ஒரு படம்கூட மிஞ்சாமல் முகாமுக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறந்தவரின் முகத்தை அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஸ்ரூடியோக் கமரா தப்பியிருப்பது சின்ன விசயம் இல்லை.

புதிதாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அரைத்தட்டு பிலிம் இப்போதும் கிடைக்கிறது. இல்போர்ட் வருடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும் வழக்கத்தில் இல்லாத அளவுகளுக்கு ஓடர் எடுப்பார்கள், அந்த நேரத்தில் கடைவழியாகச் சொல்லி வைத்தால் எப்.பி.4ஐயோ எச்.பி.5ஐயோ உங்கள் அளவுக்கு வெட்டி அனுப்புவார்கள். சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் கேள்விக்குச் சொன்னதன் மறுபக்கம் இது: பூசி முடித்த அகலமான றோல் அங்கே இருக்கிறது, அதிலிருந்து எந்த அளவையும் வெட்டலாம்.

இன்னொரு விசயம், அந்தக் கால ஹோல்டர் கண்ணாடித் தட்டுக்குச் செய்தது. பிலிமை நேரே வைத்தால் உள்ளே ஆடும். அதற்கென்று மெல்லிய தகர உறை முந்தி வந்தது, பழைய பெட்டிக்குள் கிடக்கிறதா என்று தேடுங்கள், கறுப்பாக ஓரம் மடித்த தகரம். கிடைக்காவிட்டால் அதே அளவில் மெல்லிய கண்ணாடி வெட்டுவித்து பிலிமுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். வைத்துவிட்டு முதலில் ஒரு சுவரையோ வேலியையோ எடுத்துக் கூர்மை சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட்களை இருத்துங்கள்.

அப்பம்மா இருக்கிறாரா? இருந்தால் முதல் நல்ல ஷீட் அவருக்கு.

கேள்வி: நான் மாணவன். ஷீட் பிலிம் ஒரு பெட்டி வாங்கக் காசு கட்டாது. எக்ஸ்றே பிலிமில் எடுக்கலாம் என்கிறார்கள், உண்மையா?
கிளிநொச்சி

உண்மை, நான் பழகியதே அதில்தான். எட்டுக்குப் பத்து அங்குலம் எக்ஸ்றேக்காரருக்கு வழக்கமான அளவு, அதை நாலாக வெட்டினால் நாலுக்கு ஐந்து நாலு ஷீட். (ஓமந்தைத் தம்பியும் கவனியுங்கள், அரைத்தட்டு நாலே முக்காலுக்கு ஆறரை, ஒரு எட்டுக்குப் பத்தில் இரண்டு வெட்டலாம்.) சிவப்பு வெளிச்சம் அதற்குப் படாது, ஆகவே மங்கலான சிவப்பு லைட்டில் கண்ணால் பார்த்தே வெட்டலாம், கழுவலாம், படம் மெல்ல மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கலாம். பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆனால் மூன்று விசயத்தில் கவனம். ஒன்று, ஆசுபத்திரிகளில் இப்போது டிஜிட்டல் வந்துவிட்டது, அங்கே லேசர் மெசினில் சூட்டால் அச்சடிக்கும் உலர் பிலிம் இருக்கிறது, அதுவும் பார்க்க எக்ஸ்றே பிலிம் மாதிரித்தான் இருக்கும், கமராவில் அது ஒன்றுக்கும் உதவாது. டெவலப்பரும் (படத்தை எழுப்பும் மருந்து) ஹைப்போவும் (படத்தை நிலைக்க வைக்கும் மருந்து) போட்டுக் கழுவுகிற ஈர பிலிமா என்று கேட்டு வாங்குங்கள், பழைய தனியார் எக்ஸ்றே நிலையங்களில் மிச்சம் கிடக்கும். இரண்டு, பெரும்பாலான எக்ஸ்றே பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து இருக்கும், ஈரத்தில் நகம் பட்டாலே கீறும். தட்டத்தின் அடியில் ஒரு கண்ணாடி போட்டு, ஒரு நேரத்தில் ஒரு ஷீட் மட்டும் கழுவுங்கள். மூன்று, சிவப்பு அதற்குத் தெரியாது என்பதால் குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், சிவப்புச் சேலை கறுப்பாக விழும், எங்கள் தோல் நிறமும் உள்ளதைவிடக் கடுமையாக விழும். மரம், கோயில் கோபுரம், இரணைமடு வான்கதவு இதெல்லாம் அருமையாக வரும். முகம் எடுப்பதென்றால் நல்ல பிலிமில் ஒரு ஷீட் எடுத்து வையுங்கள், யாருடைய முகத்தையும் பரிசோதனைக்கு வைக்க வேண்டாம். ஓர்த்தோ பிளஸுக்கும் இதே குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிலிமின் வேகம் (ஐ.எஸ்.ஓ.) 80 என்று வைத்துத் தொடங்குங்கள், பின்னேர மஞ்சள் வெயிலில் அதில் பாதி. டெவலப்பரை நன்றாக ஐதாக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பும் வெள்ளையும் தவிர இடையில் ஒன்றும் இராது.

கேள்வி: எங்கள் வெக்கையில் கழுவினால் மருந்து வழன்று வருகிறது. சூடு தாங்கும் புது பிலிம் ஏதாவது வருமா?
புதுக்குடியிருப்பு

பிலிமை மாற்றத் தேவையில்லை, தண்ணீரை மாற்றுங்கள். குழாயில் 30 பாகையில் வரும் தண்ணீரில் ஜெலற்றின் ஊறி இளகத்தான் செய்யும். பெரிய தட்டம் ஒன்றில் ஐஸ் கட்டித் தண்ணீர் விட்டு அதற்குள் மற்றத் தட்டங்களை வைத்து 24 பாகைக்கு இறக்கினால் போதும், 20க்குக் கொண்டுவரப் பாடுபட வேண்டாம். எப்.பி.4ஐ ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்ததில் 20 பாகையில் 11 நிமிடம், 24இல் ஏறக்குறைய 8 நிமிடம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும், அதுதான் எல்லை. டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்கட்டும், சூடு திடீரென்று மாறினால்தான் மருந்து சுருங்கி வெடிக்கும்.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் பகுதித் தண்ணீர் கல்லுத் தண்ணீர், காய்ந்ததும் சுண்ணாம்புப் புள்ளி நிற்கும். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு லீற்றர் ஒதுக்கி வையுங்கள். ஹோல்டரில் பிலிம் போடுவதை விடியப்புறமாகச் செய்யுங்கள், மத்தியானத்தில் பிலிம் மாற்றும் இருட்டுப் பைக்குள் கையை விட்டால் வியர்வை ஷீட்டில் சொட்டும், கிரவல் ரோட்டுப் புழுதியும் அடங்கியிராது.

கேள்வி: கலர் ஷீட்?
நெடுங்கேணி

ஹார்மன் கம்பனி 2023 கடைசியில் பீனிக்ஸ் என்ற கலர் பிலிமை 35 மி.மீ.இல் விட்டது, பிறகு 120 வந்தது. மேலே சொன்ன அதே படிக்கட்டு, ஆகவே ஷீட்டையும் எதிர்பார்த்து ஆட்கள் கதைப்பதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். கொடக் போர்ட்ரா 160உம் எக்ரார் 100உம் ஷீட்டில் இருக்கின்றன, ஆனால் ஒரு ஷீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், கழுவுவதற்கும் வெளியே அனுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளையில் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கனடாவிலிருந்து மாமா வருகிறார், இரண்டு பெட்டி எப்.பி.4 கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்தில் பழுதாகிவிடுமா?
விசுவமடு

தங்கச்சி, மாமாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: பெட்டியைச் சூட்கேசில் போட்டு விமானத்துக்கு ஏற்றவே கூடாது, அந்த எக்ஸ்றே மிகக் கடுமையானது. கைப்பையில்தான் வர வேண்டும். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் புதுவகை சி.ரி. மெசின் வந்துவிட்டது, அதற்குள்ளும் விடாமல் கையால் பார்க்கச் சொல்லி மரியாதையாகக் கேட்கட்டும், வரிசை நீளும் முன்னே நேரத்தோடு போனால் கேட்கச் சுகம்.

இனி முக்கியமானது. றோல் பிலிம் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் ஆகாது, ஷீட் பெட்டியைத் திறந்தால் அவ்வளவும் போச்சு. எனக்கு ஒருமுறை வந்த பெட்டியை வழியில் யாரோ வெளிச்சத்தில் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப வடிவாக மூடி ஒட்டியும் அனுப்பியிருந்தார்கள். நான் தெரியாமல் இரணைமடுவுக்குக் கொண்டுபோய், வான் பாய்ந்த அன்று பகல் முழுவதும் நின்று எட்டு ஷீட் எடுத்தேன். எட்டும் கரிக்கட்டையாக வந்தன. ஆகவே பெட்டியின் நாலு பக்கமும் "ஒளிபடக் கூடாத பிலிம், திறக்க வேண்டாம்" என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கம்பனி முத்திரை உடையாமல் இருக்கட்டும். வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், எடுக்கும்போது பையை அவிழ்க்காமல் மூன்று நாலு மணித்தியாலம் வெளியே வைத்துச் சூடு சமனான பிறகு திறவுங்கள். மாரி காலம் என்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட.